மின் கிதாருக்குப் பிக்கப் தேர்வு: மரத்தைக் குடைவதற்கு முன்

[திரையில்: இன்னும் குடையப்படாத தேக்கு உடல், அருகில் ஒரு சிங்கிள் காயில், ஒரு ஹம்பக்கர்]

வணக்கம். மின் கிதாரைத் தாமே செய்ய முனைபவர்களில் பலர் மரத்தை வாங்கி, உடலை வெட்டி, வார்னிஷ் பூசி முடித்த பிறகுதான் பிக்கப்பைத் தேடத் தொடங்குகிறார்கள். அந்த வரிசை மாற வேண்டும் என்பது என் கருத்து. குழியின் நீள அகலமும் ஆழமும், வால்யூமுக்குப் போட வேண்டிய ‘பாட்’டின் (திருகிக் கூட்டிக் குறைக்கும் மின்தடை) மதிப்பும், பிரிட்ஜில் (உடலில் தந்திகள் அமரும் தாங்கி) தந்திகளுக்கு இடையிலான இடைவெளியும் பிக்கப்போடு பொருந்தியாக வேண்டியவை. குடைந்த மரத்தை மீண்டும் நிரப்புவது எளிதன்று.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமுடியின் தடிமனே உள்ள எனாமல் பூசிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய ஒரு காயில். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறி, காயிலில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. நைலான் தந்தி மாட்டினால் இதிலிருந்து ஒலியே வராது.

[திரையில்: ஓடும் மின்விசிறி, அதன் ரெகுலேட்டர், டியூப்லைட் சோக்]

1954இல் வந்த ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) கிதாரில் மூன்று சிங்கிள் காயில்கள், அதாவது ஒற்றைக் காயில் பிக்கப்புகள், இருந்தன. அவற்றின் தெளிவான, கண்ணாடி போன்ற ஒலிக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஆனால் தந்தியின் அசைவை வாங்கும் அதே காயில், சுற்றியிருக்கும் மின்சாதனங்களின் காந்தப் புலத்தையும் வாங்கிக்கொள்கிறது. சென்னை அடுக்குமாடி வீட்டின் ஒரே அறையில் இன்வெர்ட்டரும் பழைய டியூப்லைட் சோக்கும் இருந்தால், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம் ஆம்பில் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரில்) தவறாமல் கேட்கும். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் இதற்குத் தீர்வாக ஹம்பக்கரை வடிவமைத்து, 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதில் அருகருகே உள்ள இரண்டு காயில்களின் சுற்றும் திசையும் காந்த முனையும் ஒன்றுக்கொன்று எதிரானவை; ஆகவே வெளியிலிருந்து வரும் ரீங்காரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தந்தியின் ஒலி மட்டும் கூடுகிறது.

ஹம்பக்கர் போட்டுவிட்டால் எல்லா இரைச்சலும் போய்விடும் என்று எண்ண வேண்டாம். மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரிலிருந்து வரும் 'கர்ர்' என்ற ஓசையில் ஒரு பகுதி மின்புலத்தின் வழியே கம்பிகளில் ஏறுகிறது. அதைத் தடுக்கக் குழியின் உட்புறம் முழுவதும் செம்புத் தகடு ஒட்டி, அதை ஜாக்கின் (கேபிள் செருகும் துளையின்) எர்த்தோடு இணைக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: ஆம்பின் பிளக்கில் எர்த் முனையை ஒடித்துவிட்டுச் செருகும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. கிதாரின் தந்திகள் அந்த எர்த்தோடுதான் இணைந்திருக்கின்றன என்பதால், ஆம்பில் கோளாறு வந்தால் அது வாசிப்பவரின் உயிருக்கே ஆபத்து.

[திரையில்: மல்டிமீட்டர் முனைகள் பிக்கப் கம்பிகளில்]

விளம்பரங்களில் பெரிதாகப் போடும் கிலோ ஓம் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஸ்ட்ராட் வகை ஏறத்தாழ 6, பழைய பாணி ஹம்பக்கர் 8, சில செராமிக் காந்த வகைகள் 14க்கும் மேல் காட்டும். அது கம்பியின் மின்தடைதானே தவிர, ஒலியின் வலிமை அன்று. இன்னும் மெல்லிய கம்பியைச் சுற்றினாலே அந்த எண் ஏறிவிடும். இண்டக்டன்ஸ்தான் (ஹென்றியில் அளக்கும் காயிலின் மின்தூண்டல் அளவு) அதிகம் சொல்லும்: ஸ்ட்ராட் வகையில் 2 முதல் 2.5 ஹென்றி, ஹம்பக்கரில் 4 அல்லது 5. அது கூடக்கூட மேல்ஸ்தாயிக் கூர்மை மங்கி, ஒலி தடிக்கும். ஹென்றி அளவை வெளியிடும் தயாரிப்பாளரை நான் கூடுதலாக நம்புவேன். காந்தத்தைப் பொறுத்தவரை ஆல்னிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) 5 நடுநிலையானது. ஆல்னிக்கோ 2 சற்று மென்மையானது.

கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வாசிப்பவர்கள், தனித்தனி முனைகளுக்குப் பதிலாக நீண்ட தகடு வைத்த ரெயில் வகைப் பிக்கப்பைக் கேட்டுப் பார்க்கலாம். தந்தி முனையை விட்டு விலகும்போது ஒலி தளரும் வாய்ப்பு அதில் குறைவு. மற்றவற்றில் முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் இடையிலான இடைவெளியைச் சரிபாருங்கள்: ஃபெண்டர் பாணிப் பிரிட்ஜுக்கு ஏறத்தாழ 52 மில்லிமீட்டர், கிப்சன் பாணிக்கு 50. பிரிட்ஜ் அருகே தந்தி குறைவாகவே அசைவதால், அங்கே வைக்கும் பிக்கப் நெக் (கிதாரின் கழுத்து) பக்கத்துப் பிக்கப்பைவிட வலுவாக இருக்க வேண்டும்.

முதல் கிதாருக்கு என் தேர்வு, பிரிட்ஜில் ஒரே ஒரு மிதமான ஆல்னிக்கோ 5 ஹம்பக்கர்; ஆனால் நான்கு கம்பிகளும் தனி எர்த்தும் வெளியே வரும் வகையாக இருக்க வேண்டும். அப்போது இழுத்தும் அழுத்தியும் சுவிட்சாகப் பயன்படும் ஒரு புஷ்-புல் பாட் போதும், ஒரு காயிலை அணைத்து சிங்கிள் காயில் ஒலியும் பெறலாம். ரீங்காரமும் கூடவே திரும்பிவிடும்.

[திரையில்: சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில், கடை மேசையில் பல ‘பாட்’கள்]

ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம், சிங்கிள் காயிலுக்கு 250, ஒன்பது வோல்ட் பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் வகைக்கு 25 என்பது வழக்கம். ரிச்சி தெருவுக்குப் போகும்போது மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; 500 என்று அச்சிட்ட பாட் 20 சதவீதம் வரை குறைந்து 400 காட்டினாலும் அது விதிக்குள் அடங்கும். அதன்மேல் 'ஏ' (காதுக்கேற்ற ஏற்றம்) என்ற எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். 'பி' என்பது சீரான ஏற்றம். அதை வால்யூமுக்குப் போட்டால், தொடக்கச் சுழற்சியிலேயே பெரும்பாலான ஒலி வந்துவிடும்.

இரண்டு பிக்கப் பொருத்துபவர்கள் பற்றவைக்கும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, சிவப்பு முனையை ஒவ்வொரு பிக்கப்பின் சிக்னல் கம்பியிலும், கறுப்பை எர்த்திலும் பிடித்து, ஸ்குரூடிரைவரால் காந்த முனையைத் தொடுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். இரண்டிலும் ஒரே திசையில் அசைந்தால் சரி. எதிர்த்திசை என்றால், இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிடும்போது ஒலி மெலிந்து மூக்கடைத்தது போலக் கேட்கும், ஆகவே ஒன்றின் இரு கம்பிகளையும் மாற்றி இணையுங்கள்.

பொருத்திய பின், கடைசி ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டை) தந்தியை அழுத்திப் பிடித்து, தந்திக்கும் காந்த முனைக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீட்டர் விட்டுத் தொடங்குங்கள். சிங்கிள் காயிலில் தடித்த தந்தியின் பக்கம் இன்னும் சற்றுக் கீழே இருக்கட்டும். மேல் ஃபிரெட்டுகளில் சுருதி தள்ளாடுவது போலக் கேட்டால், அந்தத் தள்ளாட்டம் நிற்கும்வரை பிக்கப்பின் உயரத் திருகைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி அதைக் கீழே இறக்குங்கள்.