கடல் வாசனையா, புகை வாசனையா?

வணக்கம் நேயர்களே. விஸ்கியைப் பற்றி வானொலியில் பேசப்போகிறேன் என்றதும் வீட்டில் ஒரே எதிர்ப்பு. பயப்படாதீர்கள், யாரையும் குடிக்கச் சொல்ல வரவில்லை. கல்லூரியில் வேதியியல் நடத்திய ஆள் நான், என் அக்கறையெல்லாம் வாசனையில்தான்.

காரைக்கால் கடைத்தெருவில் விஸ்கிக்குப் பஞ்சமில்லை. எதற்காக எல்லை தாண்டி வருகிறார்கள் என்று நான் சொல்லவா வேண்டும்! ஆனால் நம் நாட்டில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து வடித்த ஸ்பிரிட்டை வைத்துச் செய்வது. சிங்கிள் மால்ட் வேறு. முளைகட்டிய பார்லி மட்டும், ஒரே ஆலை, செம்புக் கலத்தில் வடிப்பு. ஸ்காட்லாந்துச் சட்டப்படி குறைந்தது 3 ஆண்டு ஓக் பீப்பாயில் கிடக்கவும் வேண்டும்.

முளைகட்டுவதை டெல்டாக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் திறந்தால் குறுவைக்கு விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி, மேலே பாரம் வைப்போம். முளை வெள்ளையாக எட்டிப் பார்க்கும். அப்போது ஒரு நெல்லை உரித்து மென்று பாருங்கள், லேசாக இனிக்கும். உள்ளே மாவு சர்க்கரையாக மாறத் தொடங்கிவிட்டது. பார்லியிலும் அதேதான். ஒரே வித்தியாசம், நாம் அதை நாற்றங்காலில் தெளிக்கிறோம். அவர்கள் முளை மேலே வளராமல் சூடேற்றி உலர்த்துகிறார்கள்.

அந்த உலர்த்தும் அடுப்பில்தான் கதையே இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் ஐலா என்று ஒரு தீவு. அங்கே சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் மக்கி இறுகிய பீட் என்ற மண்ணை வெட்டிக் காயவைத்து எரிக்கிறார்கள். அதன் புகையில் இருக்கும் பீனால், கிரசால், குவாயகால் என்ற வாசனை வேதிப்பொருள்கள் எல்லாம் பார்லியின் உமியில் ஏறிக்கொள்ளும்.

அந்தத் தீவின் கடலோர ஆலை லஃப்ராய்க், 1815-இல் தொடங்கியது. அதன் பாட்டில் ஒன்றை உறவுக்காரப் பையன் கொண்டுவந்திருந்தான். மாடியில் நாலைந்து பேர் உட்கார்ந்தோம். ‘கடற்காற்று, கடற்பாசி, உப்பு’ என்று பையன் அடுக்கிக்கொண்டே போனான், எல்லோரும் தலையாட்டினோம். என் மைத்துனர் ஒரு சொட்டுகூடக் குடிக்காதவர், நாகப்பட்டினம் பக்கம் விவசாயம். டம்ளரை வாங்கி ஒருமுறை முகர்ந்தார். “என்ன அத்தான், ஆஸ்பத்திரியில கட்டுப் போடுற ரூம் வாசனை அடிக்குது!” பையனுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கோ கைதட்ட வேண்டும் போலிருந்தது. கிரசாலும் பீனாலும் கிருமிநாசினிச் சரக்கு. குடிக்காதவர் மூக்கு சரியாகப் பிடித்துவிட்டது! அப்புறம் சில சொட்டு தண்ணீர் விட்டுக் கொடுத்தேன். “இப்ப புகை தூக்கலா இருக்கு” என்றார். அதுவும் சரி. 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் இதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். சாராயச் சத்து குறையும்போது, புகை வாசனை தரும் அந்தக் குவாயகால் திரவத்தின் மேற்பரப்புக்கு வருகிறது. மேலே வந்தால் மூக்குக்கு எட்டும். மறுபடி சொல்கிறேன், ருசியில் பெரும்பங்கு மூக்குதான். சளி பிடித்த நாளில் மிளகு ரசம்கூடக் காரமுள்ள வெந்நீராகிவிடுகிறதே!

சரி, அப்படியானால் கடல் எங்கே? கரையில் இருக்கும் ஆலை, அதனால் விஸ்கியில் உப்பு என்கிறார்கள். வடிக்கும்போது உப்பு மேலே ஏறாது. வேதாரண்யம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: வெயில் தண்ணீரைக் கொண்டுபோகும், உப்பு பாத்தியிலேயே கிடக்கும். வடிகலத்திலும் அப்படித்தான், உப்பு ஏறாது. பீப்பாய்க்குள் கடற்காற்று புகுகிறது என்பார்கள். கரையில் வடித்துவிட்டு, பீப்பாயை உள்நாட்டுக் கிடங்குக்கு அனுப்பும் ஆலைகளும் இருக்கின்றனவே! கடல் என்று நாம் முகர்வதில் பெரும்பகுதி புகை, மிச்சம் லேபிளில் எழுதியதைப் படித்த மனம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் லேபிளை மறைத்துவிட்டு முகர்ந்து பார்க்கட்டும்.

முகரும் முறையையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார், ஆகவே சுருக்கமாக: வாய் குறுகிய கிளாஸ், மூக்கை உள்ளே நுழைக்காதீர்கள், வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் வேண்டாம், குளிரில் வாசனை எழும்பாது.

கோவாவை விட்டுவிட்டேனே! அங்கே தயாராகும் ‘பால் ஜான்’ என்ற சிங்கிள் மால்ட் 2012-இல் லண்டனில் அறிமுகமானது. நம் நாட்டுப் பார்லிதான். வெக்கையில் பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவது, ஆண்டுக்கு 2 சதவீதம் அளவில் இழக்கும் ஸ்காட்லாந்தைவிடப் பல மடங்கு. புகையேற்றிய வகைகளுக்கு மட்டும் பீட்டை ஸ்காட்லாந்திலிருந்து வரவழைக்கிறார்கள். அரபிக்கடல் பக்கத்திலேயே இருந்தும் புகைக்கு ஸ்காட்லாந்து மண்! என் கட்சிக்கு இதைவிட... சரி, நேரமாகிவிட்டது. வணக்கம்.