சொந்தக் கல்யாணத்துக்கு அப்பாவை அழைக்க முடியாத ராணி!

வணக்கம் நண்பர்களே! 2002 பிப்ரவரி 2, ஆம்ஸ்டர்டாமின் நியூவே கெர்க் தேவாலயம். நெதர்லாந்து பட்டத்து இளவரசருக்குக் கல்யாணம். திடீரென்று மணப்பெண் அழுகிறார். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வழிகிறது. உலகமே நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவரை அழவைத்தது ஓர் இசை. அந்த இசையின் கதை தெரிந்தால் உங்களுக்கும் தொண்டை அடைக்கும். கடைசிவரை பாருங்கள்.

அவர் பெயர் மாக்சிமா. 1971இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் பிறந்தார். பொருளாதாரம் படித்தார், நியூயார்க்கில் வங்கி வேலை பார்த்தார். 1999இல் ஸ்பெயினின் செவில் நகரத் திருவிழாவில் ஓர் இளைஞரைச் சந்தித்தார். அவர் தன்னை வெறும் 'அலெக்சாண்டர்' என்றுதான் அறிமுகம் செய்துகொண்டார். பிறகு, 'நான் இளவரசன்' என்று சொன்னபோது, விளையாடுகிறார் என்றே மாக்சிமா நினைத்தாராம். நீங்களாக இருந்தால் நம்பியிருப்பீர்களா?

சரி, பிரச்சினைக்கு வருவோம். மாக்சிமாவின் அப்பா ஹோர்ஹே சொரெகியெத்தா, அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியில் விவசாயத் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர். 1976 முதல் 1983 வரை நடந்த அந்த ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் கடத்தப்பட்டுக் காணாமல் போனார்கள். 30,000 பேர் என்கின்றன மனித உரிமை அமைப்புகள். அரியணை வாரிசு யாரை மணப்பதானாலும் நெதர்லாந்தில் நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். அரசு ஒரு வரலாற்றுப் பேராசிரியரை வைத்து விசாரித்தது. அந்தக் கொடுமைகளில் அப்பாவுக்கு நேரடிப் பங்கில்லை, ஆனால் எதுவுமே தெரியாமல் இருந்திருக்க முடியாது என்று அறிக்கை வந்தது. கடைசியில் கல்யாணத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அப்பா மட்டும் வரக்கூடாது என்றானது. கணவர் இல்லாமல் அம்மாவும் வரவில்லை.

இப்போது அந்த இசை. பந்தோனியோன் என்றொரு வாத்தியம் உண்டு. நம் ஆர்மோனியத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. மடியில் வைத்து, துருத்தியை இரண்டு பக்கமும் விரித்து மடக்கி வாசிப்பார்கள். ஜெர்மனியில் பிறந்த வாத்தியம், குடியேறிகளோடு கப்பலேறிப் போய் அர்ஜென்டினாவின் டாங்கோ இசைக்கு உயிராகிவிட்டது! தேவாலயத்தில் அதை வாசித்தவரோ கரெல் கிராயன்ஹோஃப் என்ற டச்சுக்காரர். வாசித்தது 'அதியோஸ் நோனினோ'. அர்ஜென்டினாவின் மாபெரும் இசையமைப்பாளர் அஸ்டோர் பியாசொல்லா 1959இல், வெளிநாட்டில் இருந்தபோது தன் அப்பா இறந்த செய்தி வந்ததும் எழுதியது. அப்பாவுக்கு விடைகொடுக்கும் இசை அது! யோசித்துப் பாருங்கள். அப்பா இல்லாத மணமேடையில், பிறந்த ஊரின் டாங்கோ, அதுவும் அப்பாவைப் பிரிந்த ஒரு மகன் எழுதியது. அந்தப் பெண் எப்படி அழாமல் இருப்பார்? இந்த வீடியோ முடிந்ததும் அதைத் தேடிக் கேளுங்கள். நடுவில் வேகம் தணிந்து மெட்டு குழையும் இடத்தைத் தவறவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், அப்பா வரக்கூடாது என்ற முடிவு சரி. பிள்ளைகளைப் பறிகொடுத்து, வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு புவெனஸ் ஐரிஸ் சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்த தாய்மார்களை மறந்துவிட முடியாது. மாக்சிமாவும் அதை மறைக்கவில்லை. 2001 நிச்சயதார்த்த அறிவிப்பிலேயே, ஒரு மோசமான ஆட்சியில் இருந்துகொண்டு அப்பா விவசாயத்துக்கு உழைத்ததற்காக வருந்துவதாகச் சொன்னார். அதுவும் புதிதாகக் கற்ற டச்சு மொழியில்! அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

அப்புறம் மூன்று மகள்கள். 2013இல் கணவர் மன்னரானார், மாக்சிமா ராணியானார். 1890க்குப் பிறகு அந்த நாட்டில் மன்னரின் மனைவியாக ஒரு ராணி இருப்பது அதுவே முதல்முறை. இடையில் ஆண்ட மூவருமே பெண்கள்! வங்கிக் கணக்கே இல்லாத ஏழைகளுக்கும் நிதிச்சேவை கிடைக்க 2009 முதல் 2024 வரை ஐ.நா.வுக்காகவும் உழைத்தார்.

மூத்த மகள் அமாலியாவுக்கு மிரட்டல் வந்ததால், கொஞ்ச காலம் மாட்ரிட்டில் தங்கிப் படிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கதை தனி வீடியோவாக வேண்டுமா? கமெண்ட்டில் சொல்லுங்கள், உடனே வேலையைத் தொடங்கிவிடுகிறேன்!