சக்கர நாற்காலியோடு கடலுக்குள் போகலாமா? மண்டபத்திலிருந்து பேசுகிறேன்

வணக்கம் மக்களே. மண்டபத்தில் வடக்குக் கரையில் இருக்கிறேன், பாக் விரிகுடாப் பக்கம். பின்னால் தண்ணீர் குளம் மாதிரி கிடப்பது தெரிகிறதா? இதை நம் ஊரில் பெண் கடல் என்போம், தெற்கே இருக்கிற மன்னார் வளைகுடா ஆண் கடல். தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் தெற்கே அலை தூக்கி அடிக்கும், வடக்கே அமைதியாக இருக்கும், வாடைக் காற்று தொடங்கினால் அப்படியே மாறிவிடும். ஆக, புயல் மழை நாட்களை விட்டுவிட்டால், கயாக்கில், அதாவது உட்கார்ந்து துடுப்புப் போடுகிற சின்னப் படகில், புதிதாகத் துடுப்புப் பிடிக்கிற ஒருவர் இறங்குகிற மாதிரி ஏதோ ஒரு பக்கம் கிடைத்துவிடும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், "நடக்க முடியாதவங்களுக்கு எதுக்குங்க கடல், கேரம் போர்டு போதாதா" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போதாதுங்க.

நான் தங்கச்சிமடத்துக்காரன், மீனவர் வீடு. பைக் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதற்கப்புறம் வீட்டுக்கு வருகிற எல்லோரும் "சாப்பிட்டியாப்பா, தூங்குனியா" என்பதைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. அன்பாகத்தான் கேட்டார்கள். ஆனால் கயாக்கில் உட்கார ஆரம்பித்த பிறகு சித்தப்பா ஒரு நாள் வந்து, "இன்னைக்கு நீவாடு எந்தப் பக்கம் இழுக்குது, காத்து எப்படி?" என்று கேட்டார். நீவாடு என்றால் கடல் நீரோட்டம். கடலுக்குப் போகிறவனிடம் கேட்கிற கேள்வி அது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

கயாக்கை நான் இவ்வளவு பேசக் காரணம், அதில் எல்லோருமே உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டும். கால் இருப்பவரும் இல்லாதவரும் கரையிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். 2016 ரியோ பாராலிம்பிக்கில் இது போட்டியாகச் சேர்ந்தது. தோளும் கையும் மட்டும் வேலை செய்கிறவர்கள் ஒரு பிரிவு, உடம்பின் நடுப்பகுதியையும் பயன்படுத்த முடிந்தவர்கள் அடுத்தது, காலையும் கொஞ்சம் பயன்படுத்துகிறவர்கள் மூன்றாவது. நடுப் பிரிவில் நம் நாட்டு பிராச்சி யாதவ் ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் தங்கம் வாங்கினார். அவர் நீச்சலிலிருந்து துடுப்புக்கு வந்தவர். இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கமே தண்ணீரில்தான் வந்தது தெரியுமா? 1965 போரில் குண்டடிபட்ட ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972-ல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில், 50 மீட்டர் நீச்சலில் வாங்கியது.

அவ்வளவு தூரம் ஏன், நம் அரிச்சல்முனைக்கே வாருங்கள். 2022 மார்ச்சில் ஜியா ராய் என்ற 13 வயதுப் பெண், ஆட்டிசம் உள்ளவர், இலங்கையின் தலைமன்னாரில் குதித்து 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்தி தனுஷ்கோடியில் கரையேறினார். அந்தப் பக்கம் சுற்றுலா போகிற எத்தனை பேருக்கு இது தெரியும்? அங்கே ஒரு பலகையாவது வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, என்னோடு துடுப்புப் போடுகிற ஒரு அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம் என்றார். கீழக்கரைப் பக்கம் சங்கு குளித்தவர். ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், உடம்பில் கரைந்திருக்கிற நைட்ரஜன் குமிழ் குமிழாகக் கிளம்பி முதுகுத்தண்டைத் தாக்கிவிடும். அப்படித்தான் அவருக்குக் கால் போனது. முதலில் கூப்பிட்டபோது, "கடல்தானடா என் காலை வாங்குச்சு, அதுகிட்டயே கூப்பிடுறியா" என்று சத்தம் போட்டார். நான் வற்புறுத்தவில்லை, அந்தக் கோபம் நியாயமானது. பிறகு அவராகவே வந்தார், துடுப்புப் பிடிக்க இல்லை, எங்களைத் திட்ட. நாங்கள் இறங்குகிற இடம் தப்பு, அங்கே கீழே பாறை, அந்த நிறம் தெரிகிற இடத்தில் இழுப்பு என்று கரையில் உட்கார்ந்து கத்தினார். இப்போது இறங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதே அவர்தான். அவர் வேண்டாம் என்றால் யாரும் இறங்குவதில்லை.

இப்போது கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். ரோடு அங்கே, தண்ணீர் இங்கே, நடுவில் இந்த மணல். எங்களைத் தடுக்கிறது கடல் இல்லை, இந்தக் கொஞ்சம் மணல்தான். முன் சக்கரம் சின்னது, உடனே புதைந்துவிடும். தூக்கிக்கொண்டு போவார்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் நாலு பேரைத் தேடி, கெஞ்சி, அவர்கள் வேலை முடியும்வரை காத்திருந்தால் யாருக்கு விளையாட வரும்? சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மரப்பாதை போட்டார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமானது, சரிசெய்தார்கள். இங்கே நாங்கள் ப்ளைவுட் பலகைகளை மாற்றி மாற்றிப் போட்டு, நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறோம். பின்பக்கமாக இழுங்கள், அதுதான் சூட்சுமம், பெரிய சக்கரம் புதையாது.

ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு, தயவு செய்து இதைக் கேளுங்கள். உணர்வு இல்லாதவர்கள் கயாக்கின் கட்டைச் சீட்டில் அப்படியே உட்காராதீர்கள், மெத்தை வேண்டும், இல்லாவிட்டால் புண் வந்து மாதக்கணக்கில் படுக்க வேண்டியிருக்கும். சூடான மணலில் காலைப் போடாதீர்கள், வெந்தாலும் தெரியாது. மேலே வந்ததும் கீறல் இருக்கிறதா, சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டிருக்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். விழாமல் இருக்கட்டும் என்று ஆளைப் படகோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள் சிலர், அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவே கூடாது. கவிழ்ந்தால் தானாக வெளியே வர முடியாத எந்தக் கட்டும் உயிருக்கு ஆபத்து.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30-வது பிரிவே விளையாட்டைப் பற்றியதுதான். முதலமைச்சர் கோப்பையிலும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அதனால் கரையில் ஒரு பாதை கேட்டு மனுக் கொடுக்கும்போது சலுகை கேட்கிற குரலில் எழுதாதீர்கள், நாங்களும் எழுதப்போவதில்லை.

மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். தொண்டி, தேவிபட்டினம், ஏர்வாடி, பாம்பன், எந்த ஊராக இருந்தாலும் உங்கள் கரையில் ரோட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் வீடியோ எடுத்து அனுப்புங்கள், எல்லாவற்றையும் அதோடு சேர்க்கிறோம். அப்புறம் ஞாயிறு காலையில் பலகை தூக்க ஆள் வேண்டும். வருகிறவர்கள் கீழே ஊர்ப் பெயரைப் போடுங்கள்.