பிழையாமல் இயற்றுவான்

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, இந்தப் பட்டிமன்றம் முடிந்த கையோடு நைட் டியூட்டிக்கு ஓடவேண்டிய எதிரணிச் சகோதரிகளே, முன்வரிசை நர்சிங் மாணவிகளே, வணக்கம்.

செவிலியர் தினத்துக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள்: 'நோயாளியின் பக்கத்தை விட்டு மேசை வேலைக்குப் போகும் செவிலியர் கடமை தவறியவரா, இல்லையா?' இல்லை என்று பேச வந்திருக்கிறேன். பதினோரு வருஷம் வார்டில் நின்று, இப்போது ஆஸ்பத்திரியின் தரத்தைக் கண்காணிக்கும் குவாலிட்டி டிபார்ட்மெண்டில் உட்கார்ந்திருப்பவள் நான். அதனால் தலைப்பைப் படித்ததுமே குற்றப்பத்திரிகை வாங்கியதுபோல இருந்தது.

எனக்கு முன்னால் பேசிய அக்கா வள்ளுவரையே சாட்சிக்குக் கூட்டி வந்துவிட்டார். 'உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து.' நோயாளி, மருத்துவர், மருந்து, நாலாவதாக உழைச்செல்வான். "உழை என்றால் பக்கம். பக்கத்தை விட்டுப் போனவர் எப்படிச் செவிலியர்?" என்று கேட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். நானும்தான் தட்டினேன். ஆனால் அக்கா பாதியில் நிறுத்திவிட்டார், நடுவர் அவர்களே. அந்த உழைச்செல்வானுக்குப் பரிமேலழகர் என்ன உரை எழுதினார்? மருந்தைப் 'பிழையாமல் இயற்றுவான்' என்று எழுதினார். பக்கத்தில் நின்றால் மட்டும் போதாது, பிழை வரக்கூடாது. என் கட்சிக்கு அந்த ஒரு சொல் போதும்.

பிழை எப்படி வரும் என்று சொல்கிறேன். நான் அப்போது வேலை பார்த்த ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். மெடிக்கல் வார்டு, இருபத்திரண்டு நோயாளிகள், நைட்டுக்கு இரண்டு சிஸ்டர். மணி மூன்றரை. ஒரு தாத்தாவுக்கு ஆன்டிபயாடிக் போடணும். பொடி மருந்து, டிஸ்டில்டு வாட்டரில் கலக்கணும். டிரேயில் கைவிட்டேன், ஒரு பிளாஸ்டிக் ஆம்பூல், அதாவது சின்ன மருந்துக் குப்பி, வந்தது. பத்து மில்லி, தண்ணி மாதிரி தெளிவா இருக்கு. கழுத்தைத் திருகிவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஏழாம் பெட் பாட்டி, "யம்மா, கொஞ்சம் தண்ணி குடேன்" என்று கூப்பிட்டார். திரும்பும்போது ட்யூப்லைட் வெளிச்சம் ஆம்பூல் மேலே பட்டது. பொட்டாசியம் குளோரைடு.

சலைனில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றினால் அது மருந்து. அப்படியே நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். மாணவிகளுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

பாட்டிக்குத் தண்ணி கொடுத்தேன். கை நடுங்கி டம்ளர் பாதி அவர் புடவையில் கொட்டியது. விடிந்ததும் இன்சார்ஜிடம் சொன்னால், "ஒண்ணும் ஆகலல்ல? வெளிய சொல்லாத. இனிமே பாத்துப் போடு" என்றார். கெட்டவர் இல்லை, பயந்தவர். ஆனால் அன்றைக்கும் மறுநாளும் தண்ணி ஆம்பூலும் பொட்டாசியம் ஆம்பூலும் ஒரே டிரேயில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. நான் பார்த்துப் போட்டேன். எனக்கு அடுத்த ஷிஃப்ட் வந்த பிள்ளை? அவளுக்கும் ஏழாம் பெட் பாட்டி கூப்பிடுவாரா?

குவாலிட்டிக்கு மாறியபின் நான் செய்த முதல் வேலை எது தெரியுமா? பதினான்கு வார்டிலும் டிரேயிலிருந்து பொட்டாசியம் குளோரைடை எடுக்க வைத்தேன். தனி அலமாரி, பூட்டு, சிவப்பு ஸ்டிக்கர், இரண்டு சிஸ்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் சாவி. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, மருத்துவமனைகளுக்கான என்.ஏ.பி.எச். தரச்சான்று வேண்டும் என்றால் ஆபத்தான மருந்துகளைத் தனியாகத்தான் வைக்கணும். ஆனால் புத்தகத்தில் இருக்கிற விதி வார்டுக்குள் தானாக நடந்து வராது. மூன்றரை மணிக்குக் கை நடுங்கின ஒருத்தி அதைத் தூக்கிக்கொண்டு பதினான்கு வார்டுக்கும் நடக்கணும்.

"உயிரைத் தொட்ட கை கீபோர்டைத் தட்டலாமா?" என்று கேட்டார் எதிரணித் தலைவர். நல்ல வசனம், ஐயா. இன்றைக்கு யார் பிறந்தநாளுக்காக இந்த மேடை? மே 12, ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல். விளக்கோடு அவர் ராணுவ மருத்துவமனையில் நடந்தது 1854 நவம்பரிலிருந்து 1856 வரைக்கும். இரண்டு வருஷம்கூட முழுசாக இல்லை. அவர் இறந்தது 1910-இல். நடுவில் ஐம்பது வருஷத்துக்கு மேல் என்ன செய்தார்? எழுதினார், கணக்குப் போட்டார். காயத்தால் செத்த சிப்பாயைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவனே அதிகம் என்று 1858-இல் வண்ண வரைபடம் போட்டு அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலே, இங்கிருந்த ராணுவ முகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, தண்ணீர் எங்கே, சாக்கடை எங்கே என்று குடைந்து எடுத்தார். அதை விசாரித்த அரசுக் குழுவின் அறிக்கை 1863-இல் வந்தது. இத்தனைக்கும் பெரும்பாலும் நோயாளியாகப் படுத்தபடியே வேலை பார்த்தவர். கட்டிலை விட்டுப் போகவில்லை என்று எதிரணி வாதாடலாம், ஆனால் கட்டிலில் படுத்திருந்தது அவர்!

மெடிக்கல் கோடிங் போனவர்களையும் எதிரணி விடவில்லை. "அமெரிக்காக்காரன் பில்லுக்கு நம்பர் போடவா நாலு வருஷம் பி.எஸ்சி. நர்சிங் படித்தாய்?" அதில் எனக்கே கொஞ்சம் உறுத்தல் உண்டு, மறைக்கமாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை ஏன் போனாள்? இந்தியன் நர்சிங் கவுன்சில் கணக்குப்படி பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர், பயிற்சி மருத்துவமனை என்றால் மூன்று பேருக்கு ஒருவர். என் வார்டில் பதினொன்றுக்கு ஒருத்தி. நோயாளிக்கெல்லாம் இன்டேக், அவுட்புட் சார்ட் எழுதுகிறோமே, ஒரு நாள் எங்களுக்கு எழுதிப் பாருங்கள். எட்டு மணி நேரத்தில் குடித்தது அரை டம்ளர், வெளியே போனது சைபர். எந்த டாக்டர் பார்த்தாலும் உடனே அட்மிட் பண்ணிவிடுவார்!

குவாலிட்டியில் சேர்ந்த முதல் நாள் மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட்டேன், நடுவர் அவர்களே. ரசம் சூடாக இருந்தது. பதினோரு வருஷமாக ஆறின ரசம் சாப்பிட்டுச் சாப்பிட்டு, எனக்கு நாக்கு சுட்டுவிட்டது. ஆளைத் துரத்திவிட்டு, "ஓடிப்போய்விட்டாள்" என்று பெயர் வைப்பது என்ன நியாயம்? கடமை தவறியது யார் என்று கேட்கிற தலைப்பை முதலில் டியூட்டி ரோஸ்டர் போடுகிறவரிடம் கொடுங்கள்.

வீட்டில் மட்டும் என்ன பெருமை? மாமியார் கேட்டார், "நர்ஸுன்னு சொல்லித்தானே பொண்ணு எடுத்தோம்? இப்ப என்ன ஆபீஸ்ல ஃபைல் பாக்கிறாளாம்." கேட்டுவிட்டு அதே மூச்சில், "வா, பிபி பாத்துட்டுப் போ" என்று கையை நீட்டினார். தெருவில் யாருக்கு லேப் ரிப்போர்ட் வந்தாலும் எங்கள் வீட்டு வாட்ஸ்அப்புக்குத்தான் வருகிறது. எதிரணி என்னைச் செவிலியர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது, தெரு இன்னும் நீக்கவில்லை.

இழப்பே இல்லையா? இருக்கிறது. ஏழாம் பெட் பாட்டி டிஸ்சார்ஜ் ஆகும்போது என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். ஆடிட் ரிப்போர்ட் யாருக்கும் நெட்டி முறிக்காது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்திருக்கும் கைகளைப் பார்த்தால் இப்போதும் மனசு கணக்குப் போடுகிறது: இவருக்கு ரோஸ் வென்ஃப்ளான், அந்த அம்மாவுக்கு நீலம்தான் போகும், அதுவும் இரண்டாவது குத்தில். வென்ஃப்ளான் என்றால் மருந்து ஏற்ற நரம்பில் போடும் குழாய்; நிறம்தான் அளவு, நீலம் சின்னது, ரோஸ் நடுத்தரம், பச்சை பெரியது. ஒருநாள் கண்டக்டர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் "என்னம்மா, சில்லறை வேணுமா?" என்று கேட்டுவிட்டார்.

மணி அடித்துவிட்டார்கள். தீர்ப்பு எப்படி வந்தாலும் சரி, நடுவர் அவர்களே. நீங்கள் மேடையேறி எல்லாருக்கும் கையசைத்தீர்களே, அப்போதே பார்த்துவிட்டேன். நல்ல நரம்பு. பச்சை வென்ஃப்ளானே தாராளமாகப் போகும். நன்றி, வணக்கம்.