இரவல் கப்பலும் ஒரு குடையும்

தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, கேட்டதும் மறுபேச்சில்லாமல் அரங்கைத் திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, தூத்துக்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் தோணித் தொழிலாளர் அண்ணாச்சிமார்களே, பாளையங்கோட்டை வெயிலைப் பொருட்படுத்தாமல் கூடியிருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய வர்த்தகப் பெருமக்களுக்குத் தனி வணக்கம். ஒரு துண்டாக இருந்தால் வியர்வை துடைக்கவாவது ஆகும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். போர்க்காலத்தில் அரசாங்கங்கள் ஏன் சரக்குக் கப்பல் வாங்கின, போர் முடிந்ததும் ஏன் விற்றன, அந்த மாலுமிகள் என்ன ஆனார்கள்.

எங்கள் ஆச்சி ஓயாமல் சொல்வாள்: ‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்.’ முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியாவுக்கு அந்தக் கதிதான். கோதுமை மூட்டை மூட்டையாக விளைந்து கிடந்தது, ஏற்றிப்போகக் கப்பல் இல்லை. வழக்கமாக வரும் பிரிட்டிஷ் கப்பல்கள் போருக்குப் போய்விட்டன. எலிகளுக்குத்தான் கொண்டாட்டம். 1916-ல் லண்டன் போன பிரதமர் ஹியூஸ், அங்கேயே 15 கப்பல்களை அரசாங்கத்துக்காக விலைபேசி வாங்கிவிட்டார். கனடாவும் 60-க்கு மேல் கட்டியது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கடலில் இறங்கும்போது போரே முடிந்துவிட்டது. தாலி கட்டி முடிந்தபின் வந்து சேர்ந்த மேளக்காரர் கதை! கட்டணம் சரிந்தது, நட்டம் ஏறியது. 1928-ல் ஆஸ்திரேலியா தன் கப்பல்களை ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்கு விற்றது. முழுப் பணமும் கைக்கு வரவில்லை. 1936-ல் கனடாவும் கடையை மூடியது.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், எதிர்த்து ஓடிய வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இலவசமாகவே ஏற்றியது, குடையும் கொடுத்தது. எங்கள் பூட்டனார் அப்படி ஒரு குடை வாங்கியவர்! கொழும்புக்குக் கருப்பட்டிச் சிப்பத்தோடு போனவரை ஒருவன் கையைப் பிடித்து இழுத்து, ‘வாரும் ஓய், ஓசி’ என்று ஏற்றிவிட்டான். குடையோடு ஊருக்குத் திரும்பினார். தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. அப்புறம் 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார், திருநெல்வேலி கொதித்தது. 1911-ல் கம்பெனியே இல்லை. அடுத்த பயணத்துக்குப் பூட்டனார் முழுக் கட்டணம் கொடுத்தார். குடை கேட்டாராம்! டிக்கெட் கொடுத்தவன் சிரித்தானாம். அன்று உத்தரத்தில் ஏறிய குடை இறங்கவே இல்லை. ஐப்பசி அடைமழையில் நான் எடுக்கப் போனால் ஆச்சி அகப்பையோடு வருவாள்: ‘ஏலே, நனைஞ்சுக்கிட்டே போ, அது நமக்கு ஆகாது!’ கடைசியில் கரையான் தின்று கம்பி மட்டும் மிஞ்சியது.

இரண்டாம் போருக்குப் பிறகுதான் நம் அரசாங்கம் கடலைத் திரும்பிப் பார்த்தது. 1947-ல் ஒரு குழு, 20 லட்சம் டன் கப்பல் வேண்டும் என்றது. 1950-ல் ஈஸ்டர்ன் ஷிப்பிங், 1956-ல் வெஸ்டர்ன் ஷிப்பிங் என்று அரசு நிறுவனங்கள் வந்தன. இரண்டும் சேர்ந்து 1961 அக்டோபர் 2 அன்று இந்தியக் கப்பல் கழகம் ஆயின. தொடக்கத்தில் 19 கப்பல். சென்னை–சிங்கப்பூர் வழியில் ஓடிய ‘சிதம்பரம்’ இந்தக் கழகத்துக் கப்பல்தான். இங்கே யாராவது ஏறியிருப்பீர்கள். 2020-ல் இந்தக் கழகத்தையும் விற்க விலை கேட்டார்கள். இரவல் சேலை என்று ஆச்சி சொன்னது சும்மாவா?

துண்டுச் சீட்டு வந்துவிட்டது, ஐந்து நிமிடமாம். மாலுமிகள் செய்தியை இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்கிறேன். நான் வந்ததே ஒரு கோரிக்கைக்குத்தான். 2011-ல் தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் கப்பல் ஒன்று ஓடி, சில மாதங்களிலேயே நின்றது. தனியார் கணக்குப் பார்க்கத்தான் செய்வார். 2023-ல் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் கழகமே ஒரு கப்பல் விட்டதே! அதேபோல் நமக்கும் ஒன்று அரசாங்கக் கப்பலாக வேண்டும். வ.உ.சி. பெயரைத் துறைமுகத்துக்கு வைத்தாயிற்று, அங்கிருந்து கொழும்புக்கு ஒரு டிக்கெட் எடுக்க வழி இருக்க வேண்டாமா?

மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் சுண்டல் என்று நூலகர் அம்மா சொல்லச் சொன்னார்கள்.