தவளைக்கும் ஆனைக்கும் ஒரே பக்கம்

மக்ளே, வணக்கம். கட்டன்சாயா ஆறுனா ஆறட்டும், நேத்து ஒண்ணாங்கிளாஸ்ல நடந்ததச் சொல்லிட்டுதான் குடிப்பேன்.

போன வீடியோல காட்டினேன்லா, பக்கத்துக்கு ஒரு மிருகம் போட்ட படப் புத்தகம்? படம் அருமை. தவளைக்க தொலி ஈரமா மினுங்கும். ஆனா தவளையும் ஆனையும் அடுத்தடுத்து காட்டுனதும் ஒரு பிள்ளை எந்திச்சு, "டீச்சர், தவளைதான பெருசு?"ன்னு கேக்குது. அதுக்க மேல தப்பில்ல. படத்துல தவளைதான் பக்கம் நெறஞ்சு இருக்கு! பிள்ளையளுக்குப் புத்தகம் போடுறவங்க ஓரத்துல ஒரு ஆளையோ கையையோ அளவுக்கு வரையணும்.

அதான் மிருகங்களுக்க நெச நீளத்த அளந்து காட்ட கயிறு வாங்க குளச்சல் போனேன். வலைச்சாமான் கடையில நைலான் கயிறு கிலோ கணக்குலதான் தருவாங்களாம். நான் கேட்டது 30 மீட்டர். "எத்தனை கிலோ டீச்சர்?"ன்னா நான் எங்க போக? அஞ்சாறு பேரு நிக்க கடையில அரைமணி நேரம் பேசி, கடைசில அந்த அண்ணன் கையாலயே அளந்து 140 ரூபாய்க்குத் தந்தாரு. 150 சொன்னாரு மக்ளே, பத்து ரூபாய் குறைச்சுட்டேன்!

எதுக்கு 30ன்னா, நல்லா வளந்த நீலத் திமிங்கலம் அம்புட்டு நீளம் வரும். புத்தகத்துல அது என் உள்ளங்கை அளவுதான். கொடிக்கம்பத்துல ஒரு நுனியக் கட்டி இழுத்தா, முற்றம் பத்தல, கயிறு சத்துணவுக் கூடத்தச் சுத்திப் போவுது. 23 பிள்ளையளும் கை விரிச்சு வரிசையா நின்னும் வால் எட்டல.

ஐயோ, ஒண்ணு விட்டுட்டேன். அளக்கதுக்கு முன்ன புத்தகத்த மூடி வச்சு, "எவ்வளவு இருக்கும்?"னு எல்லாரையும் சாக்பீஸால கோடு போட வச்சேன். அத விட்டுராதீங்க, அந்தக் கோட்டப் பாத்துதான் அவியளுக்கு ஆச்சரியம் வருது.

அப்புறம் தேரூர் குளத்துக் கூழைக்கடா. சிறகு விரிச்சா 2 மீட்டருக்கு மேல. ரெண்டு பிள்ளையள் கை விரிச்சுக் கோத்து நின்னா ஒரு கூழைக்கடா!

இந்த வருசம் பூரா கிளாஸ்ல வாயே திறக்காத ஒரு பய இருக்கான்லா, கடற்கரைப் பிள்ளை. அவன் கயித்துக்க கூடவே நடந்து, மூணுல ஒரு பங்கு வந்ததும் நின்னு, "டீச்சர், எங்க வள்ளம் இம்புட்டுதான்"னான். பிறகு புத்தகத்தத் தானா திறந்து, விரல் வச்சு, தி... மி... ங்... கூட்டிக் கூட்டி வாசிச்சான். எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு.

தவளைக்கு கயிறு வேண்டாம். குழாயடியில ஒண்ணு இருந்துது, புத்தகத்த அதுக்கப் பக்கத்துல விரிச்சு வச்சோம். கேள்வி கேட்ட பிள்ளை மாறி மாறிப் பாத்துட்டு, ஆனைப் பக்கத்தத் திருப்பி, "இதையும் கயித்துல அளப்போம் டீச்சர்"னுது. திங்கக்கிழமை ஆனை, மக்ளே.