பிளஸ் ஒன் இயற்பியலில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம்

(மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, பிளஸ் ஒன்னில் புதிதாகக் காலடி வைத்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளை, காலாண்டுத் தேர்வில் இயற்பியல் வினாத்தாளைப் பார்த்து முழிப்பது வருஷா வருஷம் நடக்கிறது. "எனக்கு ஃபிசிக்ஸ் வராது" என்று அது முடிவு கட்டிவிடும். வீட்டில் டியூஷன் தேட ஆரம்பிப்பார்கள். அந்த முடிவை என்னால் ஏற்கவே முடியவில்லை. பிள்ளையை அங்கே தடுக்கி விடுவது பெரும்பாலும் கணக்குதான்.

புத்தகத்தைத் திறந்து பாருங்கள். இரண்டாவது பாடமே இயக்கவியல். அளவோடு திசையும் கொண்ட வெக்டர்களின் கூட்டல், பெருக்கல், திசைவேகத்தை வகைக்கெழுவாக, அதாவது இடப்பெயர்ச்சி நேரத்தோடு மாறும் வீதமாக எழுதுவது எல்லாம் அங்கேயே வந்துவிடுகின்றன. கணிதத்தில் வெக்டரும், வகைக்கெழுவைச் சொல்லித்தரும் வகை நுண்கணிதமும் இருப்பது இரண்டாம் தொகுதியில். கணித ஆசிரியர் அங்கே வந்து சேர்வதற்குள் இயற்பியல் வகுப்பு பல பாடங்களைத் தாண்டிப் போயிருக்கும். தாவரவியல், விலங்கியல் குரூப் எடுத்த பிள்ளைகளுக்கோ கணிதப் பாடமே கிடையாது. வகைக்கெழு என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்லப்போகிற ஒரே ஆள் இயற்பியல் ஆசிரியர்தான்.

ஆகவே ஆசிரியர்களே, முதல் இரண்டு வாரத்தை இதற்கே ஒதுக்குங்கள். கிராஃப் தாளில் இடப்பெயர்ச்சிக்கும் நேரத்துக்கும் ஒரு வளைகோடு போட்டு, ஒவ்வொரு இடத்திலும் அதன் சாய்வுதான் திசைவேகம் என்று பிள்ளைகளையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பயம் அங்கேயே போய்விடும். சிலபஸ் முடியாதே என்பீர்கள். இந்த இரண்டு வாரம் இல்லாவிட்டால், சிலபஸ் முடிந்தும் பிள்ளைக்குப் புரிந்திருக்காது.

அப்புறம் பிள்ளைகளே, பிராக்டிகல். 30 மதிப்பெண் எப்படியும் வந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். அதனால் நூலில் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டி ஈர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கும் தனி ஊசல் சோதனையில் விடை 9.8 என்று வைத்துக்கொண்டு, பின்னோக்கிக் கணக்குப் போட்டு அட்டவணையை நிரப்புகிறீர்கள். என் மனசுக்கு மிகவும் வலிக்கிற விஷயம் இது.

ஒரு மீட்டர் நீள ஊசல் ஒருமுறை போய்வரச் சுமார் இரண்டு விநாடி ஆகும். நிறுத்து கடிகாரத்தை அழுத்துவதில் விரல் 0.2 விநாடி பிசகினால் பத்தில் ஒரு பங்கு பிழை. சூத்திரத்தில் அலைவு நேரம் இருமடியாக வருவதால், ஈர்ப்பு முடுக்கம் 8-க்கும் 12-க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கும். அதற்காகத்தான் 20 அலைவுகளை எண்ணச் சொல்கிறோம். 40 விநாடியில் அதே 0.2 விநாடி பிசகினால் விடையில் ஒரு சதவீதம்தான் மாறும்.

எண்ணும்போது கடிகாரத்தை அழுத்துகிற கணத்தில் 'பூஜ்யம்' என்று தொடங்க வேண்டும். 'ஒன்று' என்று தொடங்கினால் 20 சொல்லும்போது ஊசல் போய்வந்திருப்பது 19 தடவைதான். விடை 10.8-ஐத் தொடும். அந்த 10.8-ஐப் பார்த்து, "எண்ணிக்கையில் ஒன்று குறைந்திருக்கிறது" என்று ஒரு பிள்ளை தானே கண்டுபிடித்தால் அவன் இயற்பியல் படிக்க ஆரம்பித்துவிட்டான் என்று நான் சொல்வேன். அட்டவணையில் 9.8 எழுதி வைத்தவனுக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது.

கண்ணில் பட்டதை ஒதுக்காமல் விட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். சர் சி. வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபோது, ஒளி திரும்பும் கோணங்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில், முக்கோணக் கண்ணாடியான முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். பிளஸ் டூவில் நீங்கள் செய்யப்போகிற அதே சோதனை. அளக்கும்போது ஒளிப்பட்டைகள் இருபுறமும் ஒரே மாதிரி இல்லாமலிருந்தது அவர் கண்ணில் பட்டது. விடாமல் ஆராய்ந்தார். 1906 நவம்பரில் லண்டனின் 'ஃபிலாசஃபிகல் மேகசின்' இதழில் அது கட்டுரையாக வந்தபோது அவருக்கு வயது 18. அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை அதுதான்.

தலைமையாசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பல பள்ளிகளில் ஸ்பெக்ட்ரோமீட்டர் பீரோவுக்குள் பூட்டியே இருக்கிறது, பொதுத்தேர்வு பிராக்டிகலுக்குச் சில வாரம் முன்புதான் வெளியே வருகிறது. இங்கே அதை ஜூன் மாதமே எடுத்து மேஜைமேல் வையுங்கள். பிளஸ் ஒன் பிள்ளைகளும் அதன் வழியே பார்க்கட்டும். திருகைத் திருப்பிக் கெடுத்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். அதைச் சரிசெய்யவும் அவர்களுக்கே சொல்லிக்கொடுங்கள்.